நூரியின் கயிற்றை அவிழ்த்தது யார்

லாபிர் காக்கா மௌத்து. இன்று சுபஹ் தொழுதுவிட்டு வந்து கதிரையில் சாய்ந்தவர்... பகல் ழுஹர் தொழுகையோடு அடக்கியும் ஆயிற்று.

மையவாடியில் மண் போட்டுவிட்டு வந்து மூன்று மணித்தியாலம். உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. முற்றத்தில் நடந்து நடந்து இதை டைப் பண்ணுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்கு... கத்தாரில் பதினாறு வருஷம் குதிரை லாயத்தில் வேலை செய்துவிட்டுக் கல்முனைக்குடிக்குத் திரும்பி வந்தவர். என் குதிரை நூரிக்கு டொக்டர், கோச், காவல்காரர் எல்லாம் அவர்தான். நான் பெயருக்குத்தான் சொந்தக்காரன்.

எங்களோடு நம்மூர்த் தமிழ். நூரியோடு மட்டும் அரபு.

"தமிழ்ல சொன்னா அவளுக்கு விளங்காதா காக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். "அவளுக்கு விளங்கும் மனே. எனக்குத்தான் தமிழ்ல குதிரைய ஏசத் தெரியாது" என்றார்.

மாரி முடிந்து வெயில் எறிக்கத் தொடங்கினால் மனுஷனுக்கு இருப்புக் கொள்ளாது. பிரஷ்ஷோடு வந்து நூரியின் பழைய முடியை உதிர்த்து எடுப்பார். ஈரத்தில் ஊறிய குளம்பைச் சுரண்டிப் பார்ப்பார், மணந்தும் பார்ப்பார்.

மழைக்கு மூன்று மாதம் சும்மா நின்றவளை எடுத்த எடுப்பில் ஓடவிட மாட்டார். முதல் கிழமை கடற்கரை ஈரமணலில் நடை மட்டும்... எனக்கோ அவசரம். ஏப்ரலில் நுவரெலியா வசந்தகாலக் குதிரைப் பந்தயத்துக்கு அவளை லொறியில் ஏற்றிப் போய்ச் சவாரி விடவேண்டும் என்று ஒரே பைத்தியம்.

போன வருஷம், மாவடிப்பள்ளியில் வேளாண்மை வெட்டி முடிந்த கிழமை. எல்லாரும் வெட்டின வயலுக்குள் மாட்டை விடுகிறார்கள்தானே... நானும் நூரியை ஹமீது மாமாவின் வயலுக்குள் அவிழ்த்து விட்டேன். தின்று கொஞ்சம் உடம்பு வைக்கட்டும் என்று.

சிந்திக் கிடந்த நெல்லை ஒரு பகல் முழுக்கத் தின்றிருக்கிறாள். அடுத்த நாள் கால் ஊன்ற முடியவில்லை, குளம்பைத் தொட்டால் சுட்டது. குதிரைக்கு அந்த நெல் நஞ்சு என்று காக்கா எத்தனை தரம் சொல்லியிருப்பார்.

"வயலுக்குள்ள உட்டயா?"

"நான் உடல்ல காக்கா, வரம்புலதான் கட்டியிருந்தன். ஹமீது மாமாதான் கயித்த அவுத்து உட்டிருப்பார் போல."

ஏன் அப்படிச் சொன்னேன்... பயத்தில் வாயில் வந்துவிட்டது.

காக்கா நேரே போய் ஹமீது மாமாவை நடுரோட்டில் வைத்து ஏசினார். "வாயில்லாச் சீவனுக்கு இப்படிச் செய்யிறவன் மனிசனா?" இரண்டு பேரும் ஒன்றாய் ஓதிப்படித்த கூட்டாளிகள். அன்றோடு கதை இல்லை, ஸலாமும் இல்லை.

பிறகு வந்து நூரியின் காலை ஐஸ் தண்ணீர் வாளிக்குள் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார். நான்கு நாள். அவள் தப்பினாள்.

சொல்லவேண்டும், சொல்லவேண்டும் என்று ஒரு வருஷம் போய்விட்டது. இந்தக் கிழமை திரும்பவும் வெட்டுத் தொடங்கியிருக்கிறது. முந்தநாள் போன் எடுத்தார். "கயித்துக்கு ரெண்டு முடிச்சுப் போடு மனே. அந்த ஹமீத நம்பாத."

"ஓம் காக்கா" என்றேன். வெட்கம் கெட்டவன்.

இன்று ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால் அவருடைய மகன் எழும்பி, வழமையாகக் கேட்பதைக் கேட்டார். "வாப்பா ஆருட மனசயாவது நோவிச்சிருந்தா அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க."

என் பக்கத்தில் நின்ற ஹமீது மாமா சத்தமாகச் சொன்னார். "நான் மன்னிச்சிட்டன்."

பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக... "நான் அந்தக் கயித்தத் தொடவே இல்ல மனே. லாபிர் கடைசி வரைக்கும் நம்பல்லியே."

தொழுகை தொடங்கியது. நானும் கையை உயர்த்தித் தக்பீர் கட்டினேன்.

கயிற்றை அவிழ்த்தது நான். ஊர் முழுக்கப் பார்க்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன், இனி எனக்குப் பின்வாங்க வழியில்லை.

ஹமீது மாமாவிடம் பேஸ்புக் இல்லை. போஸ்ட் போட்டதும் அவர் வீட்டுக்குத்தான் போகிறேன். அடித்தாலும் சரி, வாசலில் நிறுத்தி ஏசினாலும் சரி.

அவரிடம் போய் மன்னிப்புக் கேட்கலாம். உங்களிடம் எங்கே போய்க் கேட்பேன், காக்கா...

போய் வாருங்கள்.