பூஞ்சையாரின் நாற்பது நிமிஷம்

தட்டின் அடியில் புறங்கையை வைத்துப் பார்த்து, "லேசா சுடுது" என்கிறார். அடுத்த தட்டு. "உனக்கு ஒண்ணுமில்ல, படு." இப்படி நூற்று இருபது தட்டுகள். ஒவ்வொன்றிலும் தவிடும் ஆரஞ்சுத் தோலும். அதன்மேல் பஞ்சைப் போர்த்தியதுபோல் வெள்ளைப் பூஞ்சை. வளர வளர அது தானாகவே சூடேறும். சூடு மிஞ்சினால் எல்லாம் வீண். ஆகவே சுடுகிற தட்டைக் கையாலேயே உதிர்த்துக் கிளறிவிடுவார்.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்ப, மாத்திரை அலமாரியில இருக்குன்னு சொன்னீங்க" என்று வாசலிலிருந்து மனைவியின் குரல்.

"உனக்கு மூணே நாள் ஆயுசுன்னு யாராவது சொன்னாங்களா? இதுங்களுக்கு அவ்வளவுதாம்மா."

தெரு அவருக்கு வைத்த பெயர் பூஞ்சையார். ரொட்டியில் பூசணம் கண்டால் உலகம் தூக்கி எறியும். இவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நலம் விசாரிப்பார். தோலைத் தின்பதற்காகப் பூஞ்சை சுரக்கும் நொதியை மூன்றாம் நாள் தண்ணீரில் கரைத்து வடித்தெடுப்பதுதான் தொழில். கலங்கிய பழச்சாற்றைத் தெளிய வைக்கும் சாமர்த்தியம் அந்த நொதிக்கு உண்டு. உண்டு என்று அவர் சொல்கிறார். பழச்சாறு ஆலை இரண்டு முறை சோதித்தது, சாறு சம்மதிக்கவில்லை.

குற்றவாளி அவருடைய சுத்தம். கிருமி ஒன்றும் ஒட்டியிருக்கக் கூடாதென்று, வடித்ததைத் தளதளவென்று கொதிக்கவைத்து அனுப்பியிருக்கிறார். கொதித்த நொதி வெறும் பழுப்புத் தண்ணீர்.

"வேலைக்காரனையே வேகவெச்சு அனுப்பிட்டு, வேலை நடந்துச்சான்னு போன் வேற!" என்றாள் மனைவி. இந்த விஞ்ஞானத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்கியதில்லை.

இன்று மூன்றாவது சோதனை, கடைசியும்கூட. ஆலையின் தர அதிகாரியம்மா நேரிலேயே வந்துவிட்டார். இன்றும் தெளியாவிட்டால் ஆர்டர் வெளிநாட்டு நொதிக்கு. இந்த அறைக்குப் பூட்டு.

வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு கண்ணாடித் தம்ளர். அதில் சேற்று நிறத்தில் ஆப்பிள் சாறு. அதில், கொதிக்காத ஒரு ஸ்பூன் நொதி. பத்து நிமிஷம். இருபது.

"சார், நான் வேணா கிளம்பட்டுமா?"

"உக்காருங்க மேடம்! உள்ள வேலை நடக்குது. நம்மள மாதிரி நின்னு வேடிக்கை பாக்கல அது."

முப்பதாவது நிமிஷம் தம்ளருக்குள் ஏதோ திரிந்தது. கலங்கல் திட்டுத்திட்டாகக் கீழே இறங்கத் தொடங்கியது.

"இறங்குது! ஏம்மா, ஓடியா, இறங்குது!" தன் மகள் முதலடி எடுத்து வைத்ததைக்கூட அவர் இந்தச் சத்தத்தில் அறிவித்ததில்லை. மனைவி கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள். நாற்பதாவது நிமிஷம், அடியில் விரற்கடை வண்டல். மேலே, தேன் நிறத்தில் பளிங்கு.

அதிகாரியம்மா பேனாவைத் திறந்தார். "மாசம் எவ்வளவு குடுக்க முடியும், சார்?"

பூஞ்சையாரின் காதில் விழவில்லை. வண்டல் கலையாமல் தம்ளரைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்து, சாற்றின் வழியாக மனைவியைப் பார்த்தார். பொன்னாக நின்றாள், தம்ளர் இடவலத்தைப் புரட்டிக் காட்டியதில் வலக்கைக் கரண்டி இடக்கைக்கு மாறியிருந்தது. தம்ளரை ஒரு கையில் ஆடாமல் ஏந்திக்கொண்டு, மறுகையை உயர்த்தி, ரயில் புறப்பட்டுவிட்ட குஷியில் ஜன்னலோரப் பிள்ளை ஆட்டுவதுபோல் அவளுக்குக் கையாட்டத் தொடங்கினார்.