ஜெபகுமார் கட்டம்

பெரிய காஞ்சிபுரத்தில் ராமலிங்கம் பட்டுக்கடைக்குப் போய் ‘ஜெபகுமார் கட்டம்’ என்று கேட்டால் இன்றைக்கும் எடுத்துப் போடுவார்கள். செவிலிமேடு ஜெபகுமாரோ தறிப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர்.

தொண்ணூறுகளின் கடைசியில், வெளிநாட்டுக்காரர்கள் திரையில் பார்த்தே சேலை எடுக்கட்டும் என்று கடை முதலாளி ராமலிங்கம் வீடியோ கான்பரன்ஸ் பெட்டி ஒன்றை வாங்கி, அதை இயக்க ஜெபகுமாரை வைத்தார். மாதங்கள் போயின, பெட்டி வழியாக ஒரு சேலையும் விற்கவில்லை. இன்றும் விற்காவிட்டால் பெட்டியோடு நீயும் வெளியே என்று ஒருநாள் காலையில் சொல்லிவிட்டார்.

பெட்டி பாவம், என்ன செய்யும்? டெலிபோன் கம்பியில் முழுப்படமும் போகாது. அதனால் உள்ளிருந்த சில்லுகள் படத்தில் மாறிய இடங்களை மட்டும் பொறுக்கிச் சுருக்கி அனுப்பும். ஆள் அசையாமல் இருந்தால் படம் தெளிவாகப் போகும். வேகமாக அசைந்தால் திணறிப்போய்ச் சதுரம் சதுரமாக உடைத்துத் தள்ளும்.

சேலை காட்டும் சபாபதி நெசவுக் குடும்பத்துக்காரர். ஜரிகை மினுங்க முந்தானையை ஓங்கி உதறாவிட்டால் அவருக்குச் சேலை காட்டிய மாதிரியே இருக்காது. சிங்கப்பூரிலிருந்து கல்யாணப்பெண் அகிலா திரையில் வந்ததும், உதறாதீர்கள் என்று ஜெபகுமார் கெஞ்சக் கெஞ்ச, அரக்குச் சேலை ஒன்றை ஓர் உதறு உதறினார். அந்தப் பக்கம் படம் உடைந்திருக்குமே என்று ஜெபகுமார் திரையில் அவள் முகத்தைப் பார்த்தார்.

அகிலாவோ பூரித்துப்போனாள். அரக்கும் பொன்னுமாகக் கோணல்மாணலாய்க் கட்டம் போட்ட அந்தச் சேலைதான் வேண்டும் என்றாள். முதலாளிக்கு வாயெல்லாம் பல். பேசாமல் இருந்திருந்தால் வேலை தப்பியிருக்கும். ஜெபகுமாருக்கு மனசு கேட்கவில்லை.

“அது கட்டம் இல்லம்மா. பொட்டி திணறிக்கினு உடைச்ச படம். சேலை வெறும் அரக்குதான்.”

அகிலாவின் முகம் வாடியது. முதலாளி முறைத்தார். சபாபதிதான் வாயைத் திறந்தார்.

“நீ கண்ணால பார்த்ததையே நெய்து குடுக்கறேன்மா.”

அகிலா சம்மதிக்க, அந்தச் சேலை விற்கும்வரை பொறுப்பதாக முதலாளியும் சொன்னார். அனுப்பும் படத்தையே கடை டிவியில் திருப்பிக் காட்டும்படி ஜெபகுமார் பெட்டியை மாற்றிவைத்தார். சபாபதி கை ஓயும்வரை உதறினார். அவர் மனைவி கமலவேணி உடைந்த சதுரங்களைப் பார்த்துப் பார்த்து, சிரித்துக்கொண்டே கிராஃப் தாளில் வரைந்தாள்.

நெய்து முடித்துத் தறியிலிருந்து சேலையை அறுத்தெடுத்த அன்று மறுபடி அகிலாவை அழைத்தார்கள். சபாபதி இம்முறை மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு சேலையைப் பிடித்தார். படம் அத்தனை தெளிவு. தன் வேலை இந்தப் பெண்ணின் வாயில்தான் இருக்கிறது என்று ஜெபகுமார் திரையையே பார்த்தார். அகிலா வெகுநேரம் உற்றுப் பார்த்தாள்.

“அதேதான் அண்ணே. கொஞ்சம் உதறிக் காட்டுங்களேன்.”

சேலையின் மறுமுனையை ஜெபகுமாரே ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்.