சாஆ தோட்டத்துக்குப் போன மஞ்சக் கூடாரம்

போன சித்திரை மாசம் நான் ஜோகூர் பாருலேருந்து சாஆவுக்குக் கெளம்புனதுக்குக் காரணம் எங்கக்கா பாக்கியம். அறுவத்திமூணு வயசுல இன்னும் எண்ணெய் எடுக்குற செம்பனைத் தோட்டத்துல உதிரிப் பழம் பொறுக்குது. வெயில் தாங்காம வேலைக்காட்டுலயே மயங்கி விழுந்துருச்சு. கிளினிக்ல ட்ரிப் ஏத்தி, "தண்ணி குடிக்காம இப்படியே இருந்தா அடுத்த தடவ பொழைக்கிறது கஷ்டம்"னு சொல்லி அனுப்பிருக்காங்க.

"தண்ணி கொண்டு போறதில்லியாக்கா?"ன்னு போன்ல கத்துனேன்.

"குடிச்சா எங்கடி போறது? சுத்தி ஆம்பளைங்க"ன்னுச்சு.

காலையில போனா மத்தியானம் வீடு திரும்புற வரைக்கும் ஒரு சொட்டு கெடையாதாம்! கூட வேலை செய்ற ரெண்டு பொம்பளைங்களும் அப்படித்தானாம். அலமாக்! இதுல திங்கக்கெழம திரும்ப வேலைக்கு வேற போவுதாம்.

விடியக்கால சாமி கும்புடும்போதுதான் பளிச்சுன்னு தோணுச்சு. தைப்பூசத்துக்கு நடந்து போறப்ப பொம்பளைங்க துணி மாத்த ஒரு கூடாரம் வச்சிருக்கோமே! எழுவது வெள்ளிக்கு வாங்குனது, உதறுனா ஆள் உசரத்துக்கு நிக்கும். முருகா, இது உன் யோசனதான்னு கன்னத்துல போட்டுக்கிட்டேன்.

ஞாயித்துக்கெழம லார்க்கின் பஸ் ஸ்டேஷன்ல காலை எட்டரை பஸ். யோங் பெங் போய்ச் சேர ரெண்டு மணி நேரம் ஆச்சு. அங்கேருந்து சாஆ முப்பது கிலோமீட்டர் கிட்ட வரும், டாக்சிக்கு அம்பது வெள்ளி. மடிச்ச கூடாரம் வட்டமா பெரிய தட்டு மாதிரி மடியில இருந்துச்சு. டாக்சிக்காரத் தம்பி கண்ணாடியில பாத்துக்கிட்டே வந்தாரு.

"ஆன்ட்டி, முறுக்குத் தட்டா? ஒண்ணு குடுங்க லா."

"கக்கூசுய்யா. வேணுமா?"ன்னேன். டக்குன்னு கண்ணாடியத் திருப்பி வச்சுட்டாரு!

மறுநாள் விடியக்கால பெரட்டுல ஆள் எண்ணி வேலை பிரிச்சாங்க. வேலைய மேய்க்கிற மண்டோர் சேகர்கிட்ட கெஞ்சி நானும் ட்ராக்டர்ல தொத்திக்கிட்டேன். எட்டரை மணிக்கே முதுகு வேகுது. மரத்துக்கு அடியில நெழல் இருக்கு, காத்துதான் இல்ல. ஓரமா குழி வெட்டி, கூடாரத்த ஒரு உதறு உதறுனேன். டப்புன்னு மஞ்ச மஞ்சேர்னு நின்னுச்சு! ரெண்டு பொம்பளைங்களும் கைதட்டுனாங்க.

அக்கா மட்டும் பின்னால நகந்துச்சு. "அடிப்பாவி! வேல் இருக்குடி அதுல!"

கூட்டத்துல அடையாளம் தெரியட்டும்னு செவப்புத் துணியில வேல் வெட்டி, வாசல்ல நானே தச்சிருந்தேன். மறந்தே போச்சு!

"திருப்பிப் போடலாம் பெரியம்மா, வேல் உள்ள போயிரும்"னான் சேகர்.

"உள்ள போனா இன்னும் மோசம்டா!" நான் குடுத்த தண்ணி பாட்டில அக்கா திருப்பி என் கையில திணிச்சுச்சு. "நான் செத்தாலும் இதுக்குள்ள போவ மாட்டேன். தண்ணியும் வேணாம், போ."

பொடவையில குத்திருந்த ஊக்க எடுத்துத் தரையில உக்காந்துட்டேன். 'அப்பனே, உன்னைய வெரட்டல, எடம்தான் மாத்துறேன்'னு சொல்லிக்கிட்டே ஒவ்வொரு நூலா பிரிச்சேன். அதே ஊக்கால அந்த வேல அக்கா பாட்டிலோட துணி உறையில குத்தி நீட்டுனேன்.

"இப்ப குடிக்கலன்னா அவருக்குத்தான் கோவம் வரும், பாத்துக்க."

அக்கா என்னைய மொறச்சுச்சு. அப்புறம் வேலக் கண்ணுல ஒத்திக்கிட்டு, மடக் மடக்குன்னு அரை பாட்டில் குடிச்சுச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி! கொஞ்ச நேரம் கழிச்சு யாரையும் பாக்காம கூடாரத்துக்குள்ள போச்சு. நாங்க திரும்பி நின்னு, வாயப் பொத்திக்கிட்டு சிரிச்சோம்.

உங்க வீட்டுப் பெரியவங்களும் வெயில்ல வேலை செய்றாங்களா? தாகம் எடுக்கலன்னாலும் அடிக்கடி குடிக்கச் சொல்லுங்க, நெழல்ல உக்கார வைங்க. பேச்சு கொழறுனா காத்திருக்காதீங்க, ஒடம்ப நனைச்சு நேரா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. குடிக்கலன்னு திட்டுறதுக்கு முன்னால ஏன் குடிக்கலன்னு கேளுங்க. கூடாரம் வாங்குனா மடிக்கப் பழகிக்கிட்டுப் போங்க. நானும் சேகரும் அது மேலயே விழுந்து பொரண்டோம்!

இப்ப அது தெனமும் ட்ராக்டர்ல போவுது. நேத்து அக்கா போன் பண்ணுச்சு, பக்கத்துக் காட்டுப் பொம்பளைங்களும் கேக்குறாங்களாம்.

"இன்னொரு கூடாரம் வாங்கிட்டு வாடி. அதுல வேல் தைக்காத, துணியில வெட்டிக் கையில குடு. அவங்க பாட்டில்ல நான் தச்சுக் குடுக்குறேன்."