நசுங்கின டம்ளர்

எதிர்வரிசையில் சகலை பல் ஆஸ்பத்திரி திறந்த நாளிலிருந்தே டாக்டருக்கு வயிற்றெரிச்சல். இவரும் பல் டாக்டர்தான், மனைவியின் தங்கை புருஷனான அவரும் பல் டாக்டர்தான். பேர் மட்டும் அவருக்கு. ‘குப்பை சேராத பல் ஆஸ்பத்திரி’ என்று போட்டோவோடு பேப்பரிலேயே வந்துவிட்டது. வாய் கொப்பளிக்க பிளாஸ்டிக் கப் கிடையாதாம், ஆவியில் சுத்தம் செய்த ஸ்டீல் டம்ளராம்!

"டம்ளர் கழுவினதுக்கெல்லாம் ஒரு போட்டோவா?" என்று பேப்பரைக் கசக்கி எறிந்தார். மனைவி அதை எடுத்து, நீவி மடித்து வைத்தாள்.

நேரம் பாருங்கள், அந்த வாரமே அவருக்குக் கடைவாய்ப்பல்லில் உயிர் போகிற வலி. தன் பல்லைத் தானே குடைய முடியுமா? சகலையின் நாற்காலியிலேயே போய்ச் சாய வேண்டியதாயிற்று.

சகலை ஊசி போட்டு, சொத்தையைக் குடைந்து அடைத்துவிட்டு, "கொப்பளிங்க அண்ணே" என்று டம்ளரை நீட்டினார்.

விளிம்பில் நசுங்கியிருந்தது. பார்த்ததுமே டாக்டருக்குத் தெரிந்துவிட்டது. பிளாஸ்டிக் கப்பை விட்டுவிடலாமே என்று மனைவி முன்பு ஒரு பெட்டி நிறைய டம்ளர் வாங்கி வந்தபோது, "என் கிளினிக் என்ன டீக்கடையா?" என்று அவரே சுவரில் விட்டெறிந்த டம்ளர்.

"அண்ணி கொடுத்ததுதான். யோசனையும் அவங்களோடதுதான். பேப்பர்ல சொல்லட்டுமான்னு கேட்டேன். வேணாம், உங்க அண்ணனுக்குப் பொறுக்காதுன்னுட்டாங்க" என்றார் சகலை.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க டாக்டர் வாயெடுத்தார். நாக்கு புரளவில்லை. ஊசி மரத்துப்போக வைத்தது வாயை மட்டும்தான். வயிறு அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.