கால் கழுவாத கொக்கு

கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தில் பம்ப் ஓட்டுகிறவருக்குப் பத்தொன்பது வருடமாக விருந்தாளி என்று ஒருவரும் வந்ததில்லை. மேலதிகாரிகூடப் போனில்தான் ஆய்வு செய்வார். ஊரே தினமும் காலையில் எதையோ அங்கே அனுப்பிவைக்கிறது. பின்னாலேயே போய் ஒரு எட்டுப் பார்ப்போம் என்று மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை.

பறவைகளுக்கு அந்த மூக்குச்சுளிப்பு கிடையாது. மூன்று குட்டைகளிலும் புழுவுக்குக் குறைவில்லை. வெள்ளையாக இருந்தால் கொக்கு, கறுப்பாக இருந்தால் காக்கா என்று நிம்மதியாக இருந்த பம்ப்காரரிடம் ஒரு பழைய பைனாகுலர் வந்து சேர்ந்தது, நிம்மதி போனது. பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தார். அவர் படம் போட்டால், "அருமை சார், ஒரு நாள் வரணும்" என்பார்கள். அந்த ஒரு நாள் எந்தக் காலண்டரிலும் கிடையாது.

போன செவ்வாய்க்கிழமை அது காலண்டரில் ஏறியது. மூன்றாவது குட்டையில் நின்ற ஒரு கொக்கைப் படம் பிடித்துப் போட்டார். கறுப்பு அலகு, கறுப்புக் கால். சின்னக் கொக்காக இருந்தால் பாதம் மட்டும் மஞ்சளாக, சாக்ஸ் போட்ட மாதிரி இருக்க வேண்டும். இதற்குப் பாதமும் கறுப்பு. அப்படியென்றால் நடுத்தரக் கொக்கு! இந்த ஊரில் அதை இதுவரை யாரும் பார்த்ததாகப் பதிவில்லை. நடுத்தரமாக இருந்தால் யார் கண்ணிலும் படாது என்பது வேறு விஷயம்.

குழுவின் தலைவர் பல் டாக்டர். இருப்பது சொத்தையா, வெறும் கறையா என்று தினமும் பிரித்துச் சொல்கிறவர். "பாதம் கறுப்பேதான். சந்தேகமே இல்லை" என்று தீர்ப்பு எழுதினார். ஞாயிற்றுக்கிழமை வந்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். கூடப் பத்துப் பேர்.

பம்ப்காரர் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தேய்த்துக் கழுவினார். பினாயிலை வாளி வாளியாக ஊற்றினார். சாயந்தரம் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் படத்தை நீட்டினார். வாசல் குழாயில் காலைக் கழுவாமல் அவரை ஒரு நாளும் வீட்டுக்குள் விடாத மனைவி.

"இது எங்க நின்னுச்சு?"

"மூணாவது குட்டையில. சேத்துல."

"காலைக் கழுவிச்சா?"

"கொக்கு எதுக்கு காலைக் கழுவணும்?"

"நீங்களே நான் கத்தினாத்தான் கழுவுறீங்க. அதுக்குச் சொல்ல யாரு இருக்கா?"

சிரித்துவிட்டார். ஆனால் மறுநாள் காலையில் பைனாகுலரோடு முதல் வேலையாக அங்கேதான் போய் நின்றார். கொக்கு சேற்றிலிருந்து எழுந்து, சுத்தமான தண்ணீர் வெளியேறும் வாய்க்காலில் இறங்கி, பத்தடி நடந்து, கரையேறியது. பளிச்சென்று மஞ்சள் சாக்ஸ்.

அவரைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கொக்கைச் சேற்றைவிட்டு வெளியே வராமல் பார்த்துக்கொண்டால் போதும். பதினொரு நாற்காலியும் நிறையும். டைப் அடித்தார், அழித்தார், மறுபடி அடித்தார். கடைசியில் அனுப்பியே விட்டார்: "மன்னிக்கவும். சின்னக் கொக்குதான். காலில் சேறு."

"எனக்கும் அப்பவே ஒரு டவுட்" என்றார் பல் டாக்டர்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஒருவருக்குக் கல்யாண வீடு. ஒருவருக்கு ஜலதோஷம், அந்த இடத்துக்குப் போக அதைவிடப் பெரிய தகுதி கிடையாது, ஆனாலும் வரவில்லை.

ஞாயிறு காலை டியூட்டிக்குக் கிளம்பினால், மனைவி செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"கண்டுபிடிச்சது யாரு? உங்க டாக்டரா? என் கொக்கை நான் பாக்க வேண்டாமா?"

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கழுவிய நாற்காலிகளில் நடுவில் இருந்ததில் அமர்ந்து, ஒரு மணி நேரம் பார்த்தாள். அரை மணிக்குப் பிறகு முந்தானை தானாக இறங்கிவிட்டது. "அதோ, அது வேற கொக்கு. நடையே வேற" என்று ஒன்றைக் காட்டினாள். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். வேறுதான்.

டியூட்டி முடியும்வரை அவளும் அங்கேயே இருந்தாள். பொழுது சாய வீடு திரும்பினார்கள். அவள் விறுவிறுவென்று படியேறினாள்.

"நில்லு" என்றார் பம்ப்காரர், பத்தொன்பது வருடம் காத்திருந்த குரலில். "காலைக் கழுவிட்டு உள்ள போ."