நாலாகக் குறைத்த டைமிங்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தைக் கொம்பியூட்டர் கடையொன்றில் வேலை செய்தபோது அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

கொட்டாஞ்சேனையில் கேம் சென்டர் திறக்கவிருந்த சிவா அண்ணாவுக்கு, பாகங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரு கொம்பியூட்டர் பூட்டினேன். புரொசெசருக்கு ஈடுகொடுக்க, நினைவகமான ரேமின் வேகத்தைக் கூட்டி, அது பதில் சொல்ல எடுக்கும் இடைவெளியான டைமிங்கை ஐந்திலிருந்து நாலாகக் குறைத்தேன். ரேம் தாங்குமா என்று ஓடவிட்டுப் பார்க்கவில்லை.

மறுநாளே பெட்டியோடு வந்தார். "விளையாட்டு நடுவில நிண்டு போகுது, தங்கச்சி."

"உங்கட கடைக் கரண்ட் சரியில்லை," என்று பெட்டியைத் திறக்காமலே திருப்பி அனுப்பினேன்.

இரண்டாம் முறை வந்தபோது பெட்டியின் தகட்டைக் கயிற்றால் கட்டியிருந்தார்.

"ஒவ்வொரு செக் பொயின்ட்டிலயும் கழட்டிக் காட்டினனான். ஸ்குரூ ஆணியெல்லாம் துலைஞ்சு போச்சு. உள்ளுக்கு என்ன இருக்கெண்டு இப்ப உங்களைவிட ஆமிக்குத்தான் தெரியும்," என்று சிரித்தார். "வெள்ளிக்கிழமை கடை திறக்கவேணும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "கரண்டில பிழையில்லை அண்ணா. ரேமை நான்தான் பிழையா வச்சனான்."

அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்ப திருத்தலாம்தானே?"

வேகத்தைப் பழையபடி வைத்து, டைமிங்கை ஐந்தாக்கி, அவர் முன்னாலேயே இரண்டு மணித்தியாலம் ஓடவிட்டேன். நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை புது ஆணிகளோடு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். வழியில் செக் பொயின்ட்களில் கைப்பையைத் திறந்து காட்டியபோது, அவர் அந்தப் பெட்டியோடு நின்றது நினைவுக்கு வந்தது.

"இதைப் பூட்டினது இந்தத் தங்கச்சிதான்," என்று கடை திறப்புக்கு வந்தவர்களிடம் சிவா அண்ணா சொன்னார். என் பிழையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் என் பெருமை எனக்கே நியாயமாகப் பட்டது.