மூவாயிரம் பாயிண்ட்

சம்பத்தை நான் முதலில் பார்த்தது தொண்ணூற்றாறு கடைசியில், சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையின் கேண்டீனில். ஒரு வங்கிக்காகக் கிரெடிட் கார்டு விற்றுக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். விசிட்டிங் கார்டில் பெயருக்குப் பின்னால் இருந்த பி.காம்.மின் மேல் விரல் படாமல் பிடித்துத்தான் யாரிடமும் நீட்டுவேன். ஸ்டோர்ஸ் கிளார்க் சம்பத் அதை வாங்கி உரக்கப் படித்தார். "பி.காமா? நமக்கு ஒரு பேப்பர்ல போயிடுச்சு சார்" என்று சிரித்தார். கையெழுத்துப் போடுமுன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இந்த பாயிண்ட்டுக்கு நெஜமாவே பிளேன் டிக்கெட் தருவீங்களா?"

"தருவோம் சார். நூறு ரூபாய்க்கு ஒரு பாயிண்ட். மாசம் இருபதாம் தேதி பில்லுல ஏறிடுச்சுன்னா அது உங்களோடது. யாராலயும் பிடுங்க முடியாது."

மனப்பாடமாகச் சொன்னதுதான். ஆனால் சம்பத் அதை வீட்டுக்கு எடுத்துப் போனார்.

வீடு அனகாபுத்தூரில். மீனம்பாக்கத்தில் கிளம்பும் விமானம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை உரசிக்கொண்டு போவது போலிருக்கும். ஏழு வயது மகள் சாமுண்டீஸ்வரி சத்தத்தை வைத்தே பெரிய விமானமா சின்னதா என்று சொல்லிவிடுவாள். மனைவி சாவித்ரி கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் போன வெளியூர்கள் அரக்கோணமும் திருத்தணியும்தான். அரக்கோணம் பிறந்த வீடு, திருத்தணி வேண்டுதல். மூவாயிரம் பாயிண்ட் சேர்ந்தால் பெங்களூருக்கு மூன்று பேர் பறக்கலாம். தொண்ணூற்றெட்டு மே மாதத்தோடு திட்டம் முடிகிறது. சம்பத் சம்பளத்தில் அவ்வளவு வாங்குவதென்றால் பேத்தி காலத்தில்தான் பறக்க முடியும்.

எனவே தெருவில் யார் மிக்ஸி வாங்கப் போனாலும் கூடவே கிளம்பினார். அவர்கள் ரொக்கத்தை இவரிடம் கொடுப்பார்கள். இவர் கார்டை நீட்டுவார். கடைக்காரர் அதை மெஷினில் வைத்துச் சரக்கென்று இழுத்து, கார்பன் தாளில் கையெழுத்து வாங்குவார். கார்டு என்றால் நூற்றுக்கு இரண்டு ரூபாய் அதிகம்; சாவித்ரிக்குத் தெரியாமல் அதைத் தன் பையிலிருந்து கொடுத்துவிடுவார். "யாருக்குனா பல்லு கட்டணும்னாகூட சம்பத்தக் கூப்புடுங்கப்பா, கார்டு போடுவான்" என்று டீக்கடையில் கிண்டல் செய்தார்கள். அவரும் கூடச் சிரித்தார். ஒன்றரை வருஷத்தில் இரண்டாயிரத்து நூறு சேர்ந்திருந்தது.

மிச்சம் தொள்ளாயிரம் எங்கிருந்து வரும் என்று விழித்துக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து வீட்டுத் துளசிங்கம் மகள், ஏற்றுமதி வளாகத்தில் ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்க்கும் ஜெயக்கொடிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. துளசிங்கம் வயலை மனை போட்டு விற்றவர். பணம் பீரோவில் இருந்தது, பஸ்ஸில் தி.நகருக்கு எடுத்துப்போகத்தான் பயம்.

"பிக்பாக்கெட்காரன் நம்ம மூஞ்சியப் பாத்தே மோப்பம் புடிச்சிடறான் சம்பத்து. நீ அந்த அட்டைய எடுத்துகினு கூட வா. துட்டு வூட்லயே உன் கைல குடுத்துடறேன்."

நகை, பாத்திரம் பண்டம், பட்டு என்று மூன்று பயணம். கார்டில் ஒரு தடவைக்கு முப்பதாயிரம்தான் போகும் என்பதால், ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் பணத்தைக் கட்டி இடம் பண்ணிவைத்தார். இரண்டு பயணம் முடிந்துவிட்டது. பட்டுப்புடவையும் ஃபிரிட்ஜும்தான் பாக்கி. பிளேனில் போகப்போவதாகச் சாமுண்டீஸ்வரி பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லியாயிற்று.

மே நாலாம் தேதி, ஸ்டோர்ஸில் மேஜைமேல் கிடந்த கல்யாணப் பத்திரிகையைக் கரீம் எடுத்துப் பார்த்தான். செங்கல்பட்டிலிருந்து வருகிறவன், ஒரே ஷிஃப்ட். பார்த்தவன் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"மச்சான், இந்த மாப்ள உனக்கு சொந்தமா?"

"பக்கத்து வீட்டுக்கு வர்றவர். ஏன்டா?"

"இவனுக்குக் குடும்பம் கீது மச்சான். என் மாமியார் வூட்டுக்கு எதிர்வூடு. ரெண்டு வயசுல ஒரு பொண்ணு. இவங்க வூட்ல ஒத்துக்கல, அதான் மறைச்சு வச்சிகினு கீறாங்க."

"பேரு ஒண்ணா இருக்கும்டா."

"பேரு, கம்பெனி, அப்பன் பேரு, எல்லாமா ஒண்ணா இருக்கும்? ஆளப் பாத்திருக்கேன் நான். அவன் கொழந்தைக்கு மிட்டாய் வாங்கிக் குடுத்திருக்கேன்."

அன்று மாலை தாம்பரத்தில் ரயிலைவிட்டு இறங்கும்வரை சம்பத்துக்குச் சந்தேகமே இல்லை. நேரே துளசிங்கம் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டியதுதான். தெருமுனை வந்தபோது வேறொரு நினைப்பு வந்தது. நேரில் விசாரிக்காமல் ஒரு பெண்ணின் கல்யாணத்தில் வாய் வைக்கலாமா? ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லலாம். நியாயமான யோசனையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மூன்றாவது பயணம் என்பதும், இன்று சொன்னால் அந்தப் பயணமே இல்லை என்பதும் நியாயத்துக்கு அடியில் நன்றாகவே தெரிந்தது. இருபதாம் தேதி பில் போட்டுவிடட்டும். கல்யாணம் இருபத்தொன்பதுதானே. நடுவில் ஒன்பது நாள் இருக்கிறதே.

பத்தாம் தேதி கத்திரி வெயிலில் எல்லோருமாகத் தி.நகர் போனார்கள். புடவைக்கடையில் துளசிங்கம் மோர் கேட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது, மடியில் அரக்குப் பட்டை வைத்துக்கொண்டு ஜெயக்கொடி மெதுவாகக் கேட்டாள்.

"சம்பத் அண்ணா, அவங்க கம்பெனி உங்களுதுக்குப் பக்கந்தானே? ஆளு எப்படின்னு எதுனா காதுல விழுந்துச்சா?"

விற்பனைப் பையன் இன்னொரு புடவையை விரித்தான். சம்பத் அதன் கரையைத் தடவிப் பார்த்தார்.

"கம்பெனியில நல்ல பேருதாம்மா."

அவள் தலையாட்டினாள். அரக்கே போதும் என்றாள். கார்டு மெஷினில் சரக்கென்று இழுபட்டது.

அதன் பிறகு செங்கல்பட்டுக்குப் போக அவருக்கு ஒரு ஞாயிறும் வாய்க்கவில்லை. மேலே விமானம் போனால் மகள் கை காட்டினாள். அவர் உள்ளே போய்விடுவார். தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்தார். "உடம்புக்கு என்னங்க?" என்று சாவித்ரி கேட்டதற்கு வெயில் என்றார்.

இருபத்தொன்றாம் தேதி வங்கிக்குப் போன் போட்டு, மூவாயிரத்துப் பன்னிரண்டு என்று உறுதி செய்துகொண்டு, டிக்கெட்டுக்கும் எழுதிப் போட்டுவிட்டுத் துளசிங்கத்திடம் போனார். பந்தக்காலுக்கு மூங்கில் வந்து வாசலில் கிடந்தது. கேள்விப்பட்டதைச் சொன்னார். எப்போது கேள்விப்பட்டதென்று சொல்லவில்லை. துளசிங்கம் சட்டையை மாட்டிக்கொண்டு நாலு பேரோடு செங்கல்பட்டுக்குப் போனார். இருட்டுவதற்குள் திரும்பிவந்து, தெருவே பார்க்கச் சம்பத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"என் கொலசாமிடா நீ. பெத்தவன் நான் கண்ண மூடிகினு கெடந்தேன், நீ காப்பாத்திட்ட."



இரண்டு நாள் கழித்து ஜெயக்கொடி வந்தாள். சாவித்ரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தாள். ஜெயக்கொடி உட்காரவில்லை.

"உங்களுக்கு எப்பண்ணா தெரியும்?"

நேற்று, முந்தாநாள் என்று ஏதோ ஒன்றைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"நாலாந்தேதி."

சாவித்ரியின் கை கீரையில் அப்படியே நின்றது.

"அப்ப புடவை எடுக்கறப்பவே தெரியும்" என்றாள் ஜெயக்கொடி. "பதினாலாந்தேதி நான் வேலைய வேணாம்னு எழுதிக் குடுத்தேன்ணா. மாப்ள வூட்ல கல்யாணத்துக்கப்புறம் போவக்கூடாதுன்னாங்க. நாலு வருஷம், லைன் சூப்பர்வைசராப் போட இருந்தாங்க. நேத்து போய்க் கேட்டா, ஆள் எடுத்துட்டோம்மான்றாங்க. ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த வேலையாவது இருந்திருக்குமே. ஏண்ணா சொல்லல?"

"இருபதாம் தேதி பில்லு போடுவாங்க. அதுவரைக்கும்…"

"இன்னா பில்லு?"

"பிளேன் டிக்கெட்டுக்கு. பாயிண்ட்டு."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவரைப் பார்க்கவில்லை. குனிந்து, குழந்தையின் கன்னத்தைத் தட்டினாள்.

"சாமு, ஜன்னல் சீட்டா கேட்டு வாங்கிக்க, இன்னா?"

சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.  டிக்கெட் தபாலில் வந்தபோது சாவித்ரி திருப்பி அனுப்பச் சொல்வாள் என்று சம்பத் எதிர்பார்த்தார், ஒருவேளை ஆசைப்பட்டார். அவள் சொன்னது வேறு. "வாங்கினதுக்கு அனுபவிச்சுத்தான் ஆகணும். கொழந்த என்ன பண்ணிச்சு?"

பள்ளி திறப்பதற்கு நான்கு நாள் முன்பு பறந்தார்கள். விமானம் மேலேறியதும் ஆறு தெரிந்தது. "அப்பா, நம்ம தெரு! நம்ம தொட்டி! ஜெயாக்கா மாடியில நிக்கறாங்களா பாரு!" என்று சாமுண்டீஸ்வரி கத்தினாள். ஜன்னலிலிருந்து கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்த சம்பத் எட்டிப் பார்க்கவில்லை. பெங்களூரில் மூன்று நாளும் மழை. லாட்ஜ் ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். சாவித்ரி வெளியே எதுவும் வாங்கவில்லை. விமானத்தில் கொடுத்த மிட்டாய்க் காகிதங்களை மட்டும் மகள் பத்திரமாகக் கொண்டுவந்தாள்.

கார்டை முடித்துக்கொள்ள அவர் என்னைத் தேடி வந்தது அந்த ஆகஸ்டில். காரணம் கேட்கும் படிவம் ஒன்று உண்டு. அதில் எழுத இடம் போதவில்லை என்று சொல்லி, இதையெல்லாம் நேரில் சொன்னார். "நீங்க பொய் சொல்லல சார். யாராலயும் பிடுங்க முடியலைதான்" என்றார். கட்டங்கட்டமாக இருந்த அந்தப் படிவத்தில் நான் 'சொந்தக் காரணம்' என்று நிரப்பினேன்.

ஜெயக்கொடி அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. சம்பத்தால் தாங்க முடியாமல் போனது அதுதான். துளசிங்கம் போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, இவரைக் காட்டி, "எம் பொண்ணு உசுரோட கீறான்னா இந்த மனுசன்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

சம்பத் குடும்பம் இப்போது பொத்தேரியில் வாடகைக்கு இருக்கிறது. வேலை அதே ஸ்டோர்ஸில். அங்கே வீட்டுக்கு மேல் விமானம் தாழ்ந்து போவதில்லை. ஜெயக்கொடி அதே ஏற்றுமதி வளாகத்தில் வேறொரு கம்பெனியில், பழைய சம்பளத்தில் பாதிக்கு, மறுபடி மெஷினில் உட்கார்ந்து தைக்கிறாள்.